எந்தக் கால் முதலில்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பஸ்ஸுக்கு நின்றாலும் சரி, பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாலும் சரி, சர்ச்சில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனாலும் சரி, என் கால் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். "கால்ல என்னாடி மோட்டாரா வச்சிருக்க?" என்று அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். அப்படிப்பட்டவளை ஐந்து வருடம் ஒரு லேப்டாப்பின் முன்னால், ரப்பர் பாய் விரித்த ஆறடி இடத்தில் நிறுத்திவைத்தது என் நேரம்தான்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. கீழே வீட்டுக்காரர் சீனிவாசராகவன். நான் கொஞ்சம் அழுத்தித் தட்டினால் அவர் கூடத்து ஃபேன் ஆடுகிறதாம். ரப்பர் பாய் அவருக்காக வாங்கியது. மதியம் இரண்டரை மணிக்கு நான் லேப்டாப்பைத் திறந்தால் போலந்தில், கிராகோவ் நகரத்தில், காலை பத்து மணி. அங்கே ஒரு நாடகக் கூடத்தில் ஆறு பெண்கள் வரிசையாக நின்று "வணாக்கம் டீச்சர்" என்பார்கள். நான் அவர்களுக்குப் பரதம் சொல்லித்தருவேன்.

ஏற்பாடு மமதா மேடத்தினுடையது. ஆஸ்டின் டவுனில் பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் அவர் நடன மையம் நடத்துகிறார். கிராகோவ் கூடத்தோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு இரண்டு பாதி. நாங்கள் அவர்களுக்குப் பரதம் தருவது முதல் பாதி. எங்களில் ஒருவரை அவர்கள் ஒரு வருடம் அழைத்துப்போய்த் தங்கள் குழுவில் ஆடவைப்பது இரண்டாம் பாதி. முதல் பாதி தவறாமல் நடந்தது. இரண்டாம் பாதி வருகிறது, வருகிறது என்று ஐந்து வருடம் வந்துகொண்டே இருந்தது.

எதிரே நின்று ஆட்டம் சொல்லித்தருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பரதத்தின் அடிப்படை அசைவான அடவு வலது காலில்தான் தொடங்கும். ஆனால் மாணவிகளைப் பார்த்து நிற்கும் டீச்சர் தன் வலது காலைத் தூக்கினால், அவர்கள் அதே பக்கம் பார்த்துத் தங்கள் இடதைத் தூக்கிவிடுவார்கள். அதனால் டீச்சர் வேண்டுமென்றே இடதில் தொடங்குவாள். கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்து அவர்கள் சரியாக வலதைத் தூக்குவார்கள். நேர் வகுப்பில் இப்படிப் பத்து நிமிடம் காட்டிவிட்டு, திரும்பி நின்று நம் வலதில் ஆடிக்கொள்ளலாம். லேப்டாப் முன்னால் திரும்பினால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. ஆகவே நான் திரும்பவே இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வருடம், இடதில் ஆடினேன்.

அது என்னை என்ன செய்துவைத்திருக்கிறது என்பது இந்த ஜனவரியில், அவர்கள் ஆறு பேரும் பெங்களூர் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரப் பயிற்சி. கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நிகழ்ச்சி. அவர்கள் ஆறு பேரோடு இங்கிருந்து இரண்டு பேர் ஆட வேண்டும்: நானும் சௌம்யாவும். அன்று காலை கிராகோவ் கூடத்தின் இயக்குநர் பியோத்தர் நேராக விமான நிலையத்திலிருந்து வந்து பார்ப்பார். எங்கள் இரண்டு பேரில் ஒருவரை அந்த ஒரு வருடத்துக்குத் தேர்ந்தெடுப்பார். சொல்லித்தர இல்லை. ஆடுவதற்கு. எனக்கு முப்பத்து நான்கு வயது. மேடையில் என்னை யாரும் பார்த்தே ஐந்து வருடம் ஆகியிருந்தது. இந்த இடம் எனக்கு வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட மாதிரி வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

சௌம்யா ஈரோட்டுக்காரி. ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை, சனி ஞாயிறு ஆட்டம். வயது இருபத்தாறு. தப்பே போடாத பெண். அவளிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

முதல் ஒத்திகையில் எட்டுப் பேரும் ஒரே வரிசையில் நின்றோம். என் இடப்பக்கம் கடைசியாகச் சௌம்யா. வலப்பக்கம் ஏவா, ஆறு பேரில் மூத்தவள், நெட்டை, என்னிடம் முதலில் சேர்ந்தவள். அவளை அம்மா பார்த்த நாளிலிருந்து ஏவாள் என்றுதான் கூப்பிடுகிறாள். மற்ற ஐந்து பேரும் ஏவாவுக்கு அந்தப் பக்கம். மையத்தில் படிக்கிறவர்கள், வேலையாட்கள் என்று ஒரு இருபது பேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மமதா மேடம் தாளத்தைத் தட்டி "தெய்யா தெய்" என்றார். ஏழு பேருக்கு வலது கால் விழுந்தது. எனக்கு இடது.

இடது கை நீண்டு சௌம்யாவின் கையில் போய் இடித்தது. அடுத்த அடியில் வலது கை ஏவாவின் விலாவில். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுபடி தொடங்கினோம். மறுபடி இடது. மூன்றாவது முறை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிப் பார்த்தேன். வலது. சுவரைப் பார்த்து ஆடினேன். வலது. அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து அவள் முன்னால் ஆடினேன். இடது. தனியாக இருக்கும்போது என் கால் என்னுடையதாக இருந்தது. எதிரே ஒரு முகம் வந்து உட்கார்ந்தால் போதும், அந்த முகத்துக்கு வசதியாக உடம்பு தானே மாறிக்கொண்டது. என்னைக் கேட்கக்கூட இல்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு நாய் படாது. வலது காலில் மட்டும் சலங்கை கட்டிக்கொண்டு பழகினேன். வலது உள்ளங்கையில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். படி ஏறும்போது வலது, வாசல் தாண்டும்போது வலது. ஒரு நாள் பஸ் படிக்குக் கீழே நின்று எந்தக் காலை வைப்பது என்று யோசித்துவிட்டேன். கண்டக்டர் "ஹத்தி மேடம், பேக ஹத்தி" என்று சீக்கிரம் ஏறச் சொல்லிக் கத்தினார், பின்னால் நின்ற பெண் முதுகில் கை வைத்துத் தள்ளியே விட்டாள். ஏறியது எந்தக் காலில் என்று இன்றுவரை தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் மேசைக்கு அடியில் கால் ஓடும். தூங்கினால் போர்வைக்குள் ஓடும். மற்றவர்கள் முன்னால் ஒத்திகை என்றால் மட்டும், தெய்யா தெய் என்ற உடனே, இடது.

இரண்டாவது வாரக் கடைசியில் மமதா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"நோடு பியாட்ரிஸ். சும்னே உன்ன கஷ்டப்படுத்தணும்னு எனக்கு இல்ல. அடுத்த சனிக்கிழம ஹால்ல ரிகர்சல். அன்னிக்கும் இடது வந்துச்சுன்னா நீ என் பக்கத்துல உக்காந்து தாளம் போடு. சௌம்யா மட்டும் ஆடட்டும்."

உட்கார்ந்து. அந்த ஒரு சொல் போதாதா எனக்கு?

ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். நிகழ்ச்சி நடக்கப்போகும் மண்டபத்தின் பின்சுவரில், வெளியே போகும் கதவுக்கு மேலே பச்சை விளக்கு ஒன்று எரியும். முகங்களைப் பார்க்காமல் அதையே பார்த்து ஆடினால் வலது வந்தது. சனிக்கிழமை ஒத்திகையில் முன்னால் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. பச்சை விளக்கைப் பார்த்தேன், ஐந்து முறையும் வலதில் தொடங்கினேன். மமதா மேடம் தலையாட்டினார். சௌம்யா ஓடி வந்து, "செமயா இருந்துச்சுங்க அக்கா" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளுக்கும் எனக்கும்தான் போட்டி என்பது அவளுக்கு நினைவே இருக்காதோ என்று எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி. அம்மா ஆராதனையை விட்டுவிட்டு வந்தாள், அதுவே பெரிய விஷயம். பின்னால் உட்காரும்மா என்று வீட்டிலேயே மூன்று முறை சொல்லியிருந்தேன். திரை விலகியதும் முதல் வரிசையில், சர்ச்சுக்குக் கட்டும் பட்டுப்புடவையோடு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, நேர் எதிரே அம்மா. காலை வெளிச்சம் பக்கவாட்டுக் கதவுகள் வழியாக உள்ளே வந்து எல்லா முகத்தையும் காட்டியது. அம்மா வாயை லேசாகத் திறந்து, நான் என்ன செய்யப்போகிறேனோ அதை அப்படியே செய்யப்போகிறவள் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை விளக்கைத் தேடினேன். "தெய்யா தெய்" என்றார் மமதா மேடம். இடது கால் விழுந்துவிட்டது.

நீண்ட என் இடது கையும் சௌம்யாவின் வலது கையும் மோதிக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவள் வளையல் ஒன்று தெறித்து ஓடியது. அடுத்த அடியில் என் வலது கை ஏவாவின் மேல் இடிக்க வேண்டும். இடிக்கவில்லை. இடதுக்கு மாற வேண்டிய ஏவா, வலதையே இன்னொரு முறை போட்டாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளுக்கு அடுத்தவளும் மாறினாள், அதற்கடுத்தவளும். நாலு தட்டு முடிவதற்குள் ஆறு பேரும் என் பக்கம் வந்துவிட்டார்கள். முதல் சுற்று முழுவதும் ஏழு பேர் ஒரு பக்கம். சௌம்யா மட்டும் தனியாக, சரியான பக்கம். இரண்டாவது சுற்றில் அவளும் பயந்துபோய் எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். அப்போது எனக்கு வெட்கம் வரவில்லை. பறப்பதுபோல் இருந்தது. ஐந்து வருடம் நான் அவர்களுக்காக மாறினேன், ஒரு நாள் அவர்கள் எனக்காக மாறினார்கள். மீதி முக்கால் மணி நேரம் நான் ஆடியது எனக்கே நினைவில்லை. பரதத்திலிருந்து அவர்கள் ஊர்ச் சுழல் ஆட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்து முடித்தபோது மண்டபம் எழுந்து நின்று தட்டியது.

உடை மாற்றும் அறையில் சௌம்யா சுவரைப் பார்த்து நின்று சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள். மை கன்னம்வரை இறங்கியிருந்தது.

"நான் தப்பாப் போட்டுட்டனுங்களா அக்கா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"லைட்டு கண்ணுல அடிச்சிருக்கும். வுடு."

ஏவா அறையின் அந்தப் பக்கம் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். தமிழ் அவளுக்கு அரைகுறை. ஆனால் என் முகம் அவளுக்குத் தெரியாததா? துண்டை முகத்தின் மேலே போட்டுக்கொண்டாள்.

மண்டபத்தின் பின்னாலேயே மதியச் சாப்பாடு. கையில் தட்டோடு பியோத்தர் நடுவில் வந்து நின்றார். தூக்கமில்லாத கண், கசங்கிய சட்டை, நல்ல மனிதர். பரதம் தனக்குத் தெரியாது, ஆனால் மேடையில் எட்டு உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்கத் தெரியும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஏழு பேர் ஒரே மூச்சில் ஆடினார்கள், அந்த மூச்சு யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை என்றார். சௌம்யா சுத்தமாக ஆடுகிறாள், தொடக்கத்தில் மட்டும் மற்றவர்களை விட்டு விலகிவிட்டாள், அது பழகப் பழகச் சரியாகும் என்றார். செப்டம்பரில் கிராகோவுக்குப் பியாட்ரிஸ் வருகிறாள் என்று முடித்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மமதா மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாம்பாரைச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். தாளம் போட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா? சொல்ல வேண்டியவள் நான் என்று விட்டுவிட்டார். நான் சிரித்தேன், கை குலுக்கினேன், சோற்றைப் பிசைந்தேன். மேசைக்கு அடியில் கால் தட்டிக்கொண்டே இருந்தது, வலது இடது, வலது இடது.

சௌம்யா தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். நல்லபடியா போய்ட்டு வாங்க அக்கா என்றாள். வாயளவில் சொல்கிற பெண் இல்லை அவள். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எத்தன தடவ நெனச்சுப் பார்த்தாலும் வலது போட்டதாத்தானுங்க ஞாபகம் வருது. நீங்க ஒருத்தர் மாறுனா சரி, ஆனா ஏழு பேரும் எப்பிடிங்க தப்பாப் போடுவீங்க? இனிமே என் கால நானே நம்ப முடியாதுங்களா அக்கா?"

நம்ப முடியாத காலோடு பஸ் படிக்குக் கீழே நின்றவள் நான். இரண்டு வாரம் எனக்கே இருந்த அந்த நோயை, ஒன்றும் அறியாதவள் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறப் பார்த்திருக்கிறேன்.

எழுந்தேன். கையில் ஒட்டிய சோற்றோடு பியோத்தர் முன்னால் போய் நின்று ஏவாவைக் கூப்பிட்டேன். எந்தக் கால் முதலில் என்று கேட்டேன். அவள் கழுத்துவரை சிவந்துவிட்டாள். வலது என்றாள். இன்று எதில் ஆடினாய் என்றேன். இடது என்றாள். பிறகு பியோத்தரிடம் அவர்கள் மொழியில் நிறையப் பேசினாள், கடைசியில் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். நீங்கள் இடதில் போய்விட்டீர்கள், உங்களைத் தனியாக விட எங்களுக்கு மனம் வரவில்லை, சௌம்யா தனியாகிவிடுவாள் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அப்புறம் நான் சௌம்யா பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னேன்.

"நீ போட்டதுதான் சரி. நாங்க ஏழு பேரும் தப்பு. ரூம்ல கேட்டியே, அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

சௌம்யா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. தன் வலது காலைக் குனிந்து ஒரு முறை பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காதே என்றார் பியோத்தர். தெரிந்திருக்காது என்றேன். அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அப்படியானால் இந்த வருடம் சௌம்யாவுடையது என்றார். ஒரு மாதம் டீச்சராக நீங்களும் வரலாமே என்று என்னிடம் கேட்டார். சொல்லித்தருவதை நான் லிங்கராஜபுரத்திலிருந்தே செய்துகொள்கிறேன், வந்தால் ஆடத்தான் வருவேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த ஜனவரியிலும் வருவேன், அப்போது ஆடிக் காட்டுங்கள் என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. உண்மையைச் சொன்னால் மனம் லேசாகிவிடும் என்கிறார்களே, எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். ஹெண்ணூர் சாலை சிக்னலில் நின்றபோது அம்மா கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டாள்.

"நான் முன்னாடி வந்து உக்காந்ததாலயா?"

இல்லம்மா என்றேன். அவள் நம்பவில்லை. என் தொடை அவள் தொடையோடு ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் அடிக்கவில்லை, அதன் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஏவாவும் மற்றவர்களும் புதன்கிழமை கிளம்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை இரண்டரை மணிக்கு லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் ரப்பர் பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வணாக்கம் டீச்சர் என்றார்கள் ஆறு பேரும். வணக்கம் சொல்லிவிட்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து நின்றேன்.

முகம் தெரியவில்லையே என்றாள் ஏவா. முகத்தைப் பார்த்தது போதும், காலைப் பாருங்கள், என் வலதுதான் உங்கள் வலது என்றேன். நாங்கள் தப்புப் போட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டாள். தப்பு வந்தால் நிறுத்திச் சொல்லுங்கள், ஐந்து வருடம் படித்தவர்கள்தானே என்றேன். அவர்கள் கிசுகிசுத்துக்கொண்டார்கள். பிறகு பன்னிரண்டு கால்கள் தரையில் நேராகிற சத்தம் கேட்டது.

தெய்யா தெய் என்றேன். வெறும் தரையில் என் வலது கால் விழுந்தது. கீழே சீனிவாசராகவன் வீட்டு ஃபேன் நன்றாகவே ஆடியிருக்க வேண்டும், கம்பால் கூரையை இடித்தார். நான் நிறுத்தவில்லை. அடுத்த ஜனவரிக்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. அதுவரை பொறுத்திரு என்று இந்தக் காலிடம் யார் சொல்வது?